வந்துட்டன் உம்மா

வகுப்பில் காலவழுவமைதி படிப்பிக்கும்போதெல்லாம் நான் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன். உம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். மகன் படுத்துக்கொண்டே, "இந்தா வந்துட்டன் உம்மா" என்கிறான். இன்னும் பாயை விட்டு எழும்பவேயில்லை. ஆனாலும் அதைப் பொய்யென்று எந்த உம்மாவும் சொல்வதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் பிறழ்ந்து வரலாமென்று நன்னூல் இடங்கொடுக்கிறது.

தெல்தோட்டைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கோ ஒரு நண்பனின் முகம் ஞாபகத்துக்கு வரும்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் அவனுக்கு என் பக்கத்துக் கட்டில். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த கிறிஸ்தவன். ஓரிரவு பைபிளில் ஏசாயா 9ஆம் அதிகாரம் 6ஆம் வசனத்தைக் காட்டி, இயேசுவின் பிறப்பைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்ன தீர்க்கதரிசனம் என்றான். வாங்கிப் பார்த்தேன். பாலகன் பிறந்ததாக இறந்தகாலத்தில் இருந்தது.

"பிறந்து முடிஞ்ச பிள்ளைக்கு என்னடா மச்சான் தீர்க்கதரிசனம்?"

அறையே சிரித்தது. அவன் பைபிளை மூடி வைத்தான். அதன்பின் என்னோடு மார்க்கம் பேசவேயில்லை.

பல வருடங்கள் கழித்து, மௌலவி ஒருவரிடம் அரபு இலக்கணம் படிக்கத் தொடங்கினேன். சூரா அந்நஹ்லின் முதல் வசனத்தில் அல்லாஹ்வின் கட்டளை வந்துவிட்டதாக இறந்தகால வினை வருகிறது. உடனேயே, அதற்கு அவசரப்பட வேண்டாமென்றும் கூறப்படுகிறது. வந்துவிட்டதற்கு ஏன் அவசரம் என்று கேட்டேன். வருவது நிச்சயம், அதனால்தான் வந்ததாகச் சொல்லப்படுகிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. விடுதி அறையில் எழுந்த சிரிப்பு காதில் கேட்டது.

பின்னர் தேடி வாசித்தேன். அரபைப் போலவே அதன் சகோதர மொழியான எபிரேயத்திலும் வினை, முடிந்தது, முடியாதது என்றுதான் பெரிதும் பிரிகிறது. தீர்க்கதரிசிகள் வரப்போவதையும் முடிந்த வினையாற் சொல்வதுண்டு. 1235இல் மறைந்த யூத இலக்கண அறிஞர் தாவீது கிம்ஹி, செய்தி உறுதியானதால் அது நடந்து முடிந்ததுபோற் கூறப்படுகிறது என விளக்கினார். நன்னூலாரின் 'தெளிவு' இதுதானே!

ஆனால் வினை மட்டும் வழக்கைத் தீர்த்துவிடாது. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, அதே வசனத்தை அன்றே பிறந்திருந்த எசேக்கியா மன்னரைப் பற்றியதாகக் கொண்டார். கிறிஸ்தவர்கள் எதிர்காலமாகக் கொண்டனர். தமிழ் பைபிளில் முதலிரு வினைகள் இறந்தகாலம், மூன்றாவது எதிர்காலம். எபிரேயத்திலோ அந்த மூன்றாவதும் இறந்தகாலம்போலவே நிற்கிறது. மொழிபெயர்த்தவர் காலத்தைத் தேர்ந்தபோதே பொருளையும் தேர்ந்துவிடுகிறார்.

நண்பனின் விளக்கத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதல்ல. மறுப்பதற்கு எனக்கு என் மார்க்கக் காரணங்கள் உண்டு. ஆனால் அன்றிரவு நான் சொன்னது காரணமல்ல, கேலி. அதே கேலியை என் வேதத்தின்மீது ஒருவன் வீசியிருந்தால் பொறுத்திருப்பேனா?

அவன் இப்போது எந்தப் பாடசாலையில் என்பது தெரியாது. காலவழுவுக்கு அமைதி உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என் வழுவுக்கு அவன்தான் அமைதி சொல்ல வேண்டும்.