துல்லியமா 99.2 என்றாயே

அன்புள்ள பாப்பா,

உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது இருக்கட்டும். பயலுக்கு உடம்புச் சூடு பார்த்துவிட்டு நேற்று ராத்திரி போனில் அழாத குறையாக, "பெரியம்மா, துல்லியமா 99.2 காட்டுது" என்றாயே, அதற்கு உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

99.2 காட்டியது நிஜம்தான். அதற்காகத் துல்லியம் என்றுவிடாதே. நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டரே 0.2 டிகிரி முன்னே பின்னே காட்டும். திரும்பத் திரும்ப வைத்தும் அதே எண் வந்தது என்றாய். நம் கூடத்துக் கடிகாரம்கூட என்றைக்கும் மாறாமல் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது. ஒரே மாதிரி காட்டுவது, சரியாகக் காட்டுவது இரண்டையும் துல்லியம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். லேபிலேயே காலம் தள்ளியவளுக்கு அது உறுத்துகிறது.

இயல்பான உடம்புச் சூடு என்று நீ பிடித்துக்கொண்டு தொங்கும் அந்த 98.6 இருக்கிறதே, அதன் கதையைக் கேள். ஜெர்மனியில் வுண்டர்லிக் என்ற டாக்டர், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அக்குளில் வைத்துப் பார்த்துவிட்டு, 1868-இல் வந்த தம் புத்தகத்தில் 37 டிகிரி செல்சியஸ் என்று எழுதினார். முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பெருக்கியபோது முளைத்ததுதான் அந்தப் புள்ளி ஆறு. (தாத்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 98.4!) 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த 148 பேரை அளந்தபோது சராசரி 98.2 வந்தது. உடம்புச் சூடும் விடியற்காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். நீ பார்த்தது சாயங்காலம், அதுவும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வைத்துக்கொண்டு!

இனிமேல் பார்க்கிறபோதெல்லாம் ஒரே இடத்தில் வை, மணியையும் குறித்துக்கொள். 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் பயல் ஒன்றரை வயசுக் குண்டன். பால் குடிக்கிறானா, மூத்திரம் போகிறானா, கூப்பிட்டால் சிரிக்கிறானா என்று பார். சுணங்கிக் கிடந்தால் எண் என்ன சொன்னாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

தூங்குகிறவனை எழுப்பி எழுப்பித் தெர்மாமீட்டர் வைக்காதே. நீயும் கொஞ்சம் தூங்கடி.

அன்புடன்,
பெரியம்மா