மெதுவாக ஒரு குத்து

போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். எலும்பு தப்பித்தது, தைரியம்தான் உடைந்தது. அதன்பிறகு வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். 'அறுபத்தெட்டு வயசுல இதெல்லாம் சகஜம் சார்' என்றார் டாக்டர். அவருக்கு முப்பத்திரண்டு இருக்கும்.

அந்தப் பயத்தோடுதான் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போனேன். தோ பாயோவில் ஒன்பதாவது மாடி. காலை ஏழு மணிக்கு ஜன்னலில் நின்றால் கீழே பத்துப் பதினைந்து சீனப் பாட்டிகளும் இரண்டு தாத்தாக்களும், தண்ணீருக்குள் நடப்பதுபோல் கை கால்களை அசைத்துக்கொண்டிருப்பார்கள். தாய் சீ.

'சும்மா வேடிக்கை பார்க்கறதுக்கு நீங்களும் போங்களேன்ப்பா' என்று மகள் லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டாள்.

கடைசி வரிசையில் தயங்கி நின்றேன். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, 'அங்கிள், கேன், கேன்' என்றார். அவருக்கு எழுபத்தொன்பது என்று பிறகு தெரிந்தது. அந்த ஊரில் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். நானும் ஆன்ட்டி என்றேன்.

ஆன்ட்டி சொல்லித்தந்த முதல் பாடம், காலை வைத்தவுடன் அதன்மேல் ஏறிவிடக் கூடாது என்பது. முதலில் குதிகாலை மட்டும் காலியாக வைக்க வேண்டும். பிறகு டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி ஆற்றுவதுபோல் உடம்பின் எடையைச் சிந்தாமல் அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். 'ஒரு கால் ஃபுல், ஒரு கால் எம்ப்ட்டி.' கேட்க எளிது. செய்து பாருங்கள், தொடை நடுங்கும். பெரும்பாலும் நாம் தடுமாறுவது எடை மாறும் அந்த அரை விநாடியில்தான். அதைத்தான் இவர்கள் தினம் ஒத்திகை பார்க்கிறார்கள்.

இதன் முழுப்பெயர் தாய்ஜிச்சுவான். கடைசியில் வரும் 'ச்சுவான்' என்றால் முஷ்டி. ஆம், இது சண்டைக் கலை. ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில் 17-ம் நூற்றாண்டில் சென் வாங்டிங் என்ற போர்வீரர் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். 'மேகம்போல் கை வீசு', 'வெண்கொக்கு சிறகு விரிக்கிறது' என்று கவிதை மாதிரி பெயர் வைத்திருந்தாலும், உள்ளே இருப்பதெல்லாம் தடுப்பதும் தள்ளுவதும்தான். 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் பாணியிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்து, சாதாரண ஜனங்கள் ஐந்தாறு நிமிஷத்தில் முடிக்கிற மாதிரி சுருக்கித் தந்தது. ஆன்ட்டி கோஷ்டி செய்வதும் அந்த இருபத்துநாலுதான். 2020-ல் யுனெஸ்கோ தாய்ஜிச்சுவானைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உடம்பில் ஓடும் 'ச்சி' என்ற சக்தி பற்றியும் ஆன்ட்டி சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வு. பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு நாள் வீதம் 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தாய் சீ செய்தவர்கள், வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். நோய் குணமாகிவிடவில்லை. எனவே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கையை வீசக் கிளம்பாதீர்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் கேட்டேன். 'சண்டைக் கலைன்னு சொல்றாங்களே, யாரையாவது அடிச்சிருக்கீங்களா ஆன்ட்டி?'

சிரித்துக்கொண்டே காலால் தரையைத் தட்டிக் காட்டினார். 'இதான் எனிமி. தினமும் ஃபைட். இதுவரைக்கும் நான்தான் வின்.'

சென்னை திரும்பிய மறுநாள் பாத்ரூம் வாசலில் நின்றேன். சுவரை நோக்கிப் போன கையை இறக்கிக்கொண்டேன். ஒரு கால் ஃபுல், ஒரு கால் எம்ப்ட்டி.

'உள்ள என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?' என்றாள் மனைவி.

'சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்' என்றேன்.