நீலகிரியில் இரு வாரங்கள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அதனைச் செவ்வனே செய்ய என்னிலும் மூத்த பழைய மாணவர் பலர் உளர். ஆதலால் நாய்களைப் பற்றி எழுதுகின்றேன். விடுதியில் என்னை ‘மாட்டு டாக்குத்தர்’ என்று எள்ளிய நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

யான் பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். 1999 ஆம் ஆண்டில், எனக்குப் பத்து வயதானபோது, அடுத்த லயத்துச் சிறுவன் ஒருவனை நாய் கடித்தது. சிறு கீறல்தானே என்று மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பினார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் அன்றைய பேர் போய்விடும். வயிற்றில் நாள்தோறும் குத்துவார்கள் என்ற பழைய அச்சமும் இருந்தது. ஏழு வாரம் சென்றபின் அவன் தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறினான். விசர்நோய் வெளிப்பட்டபின் மீட்சி இல்லையென்பதை அன்று நான் அறியேன். அவனைப் புதைத்த மறுநாள் லயத்து நாய்களையெல்லாம் கொல்ல ஆள் வந்தது. எங்கள் மணியைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தவன் நானே. அது வாலை ஆட்டிக்கொண்டே சென்றது. அடுத்த ஆண்டே வேறு நாய்கள் வந்து அவ்விடத்தை நிரப்பிவிட்டன.

பேராதனையில் மிருக வைத்தியம் பயின்ற காலத்தில் என் நாட்டமெல்லாம் கறவை மாடுகளிலேயே இருந்தது. 2014 இல் நீலகிரிக்குச் சென்றதும் நண்பனொருவன் வற்புறுத்தியதனாலேயே. இங்கிலாந்தில் லூக் கேம்பிள் என்னும் மருத்துவர் 2003 இல் தொடங்கிய வேர்ல்ட்வைட் வெட்டரினரி சேர்விஸ் என்ற அறநிறுவனம் அங்கு பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துகின்றது. காலையில் வலைகளுடன் செல்லும் வண்டி தெருநாய்களைக் கொணரும். மயக்கமருந்து ஏற்றி, மருத்துவர் அருகே நிற்க, மாணவர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வர். தடுப்பூசி இட்டு, காது மடலில் அடையாளம் வெட்டி, தேறியபின் பிடித்த அதே தெருவிலே விடுவர்.

அதே தெருவில் ஏன் விடவேண்டும்? கொன்று வெறுமையாக்கிய இடத்துக்கு ஊசி காணாத நாய்கள் வந்து சேரும். நூற்றுக்கு எழுபது நாய்களேனும் ஊசி பெற்று அங்கேயே வாழுமாயின் நோய் செல்லும் வழி அறுபடும். 1959 இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் 1964 முதலே கருத்தடை முறையைக் கைக்கொண்டது. எங்கள் லயத்தில் இவற்றை அறிந்தவர் எவருமில்லை.

நான்காம் நாள், பெண்நாயொன்றின் சூலகக் காம்பில் நான் இட்ட முடிச்சு நழுவியது. வயிற்றினுள் இரத்தம் ஊறிற்று. என் கை நின்றுவிட்டது. அருகிருந்த மருத்துவர் காம்பைத் தேடிக் கவ்வியாற் பற்றி, “மறுபடி நீங்களே கட்டுங்கள்” என்று நூலை என்னிடம் நீட்டினார். கட்டினேன். அன்றிரவு கூண்டருகே விழித்திருந்தேன். விடியலில் அது எழுந்து சோறு தின்றது. பார்ப்பதற்கு மணியைப் போலவே இருந்ததென எழுதினாற் கதை நன்றாயிருக்கும்; மணி கறுப்பு, இதுவோ செவலை.

அதனை விடச் சென்ற இடம், 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டுச் சென்றோர் வாழும் குடியிருப்பு. என் பேச்சைக் கேட்ட மூதாட்டியொருவர், “தம்பி எந்தப் பக்கம்?” என்றார். பதுளை என்றேன்.

“நான் நமுனுகுலையில பொறந்தவ. நாங்க வரும்போது எங்க நாயி ரோட்டு முக்கு வரைக்கும் லொறி பின்னாலயே ஓடியாந்துச்சு. அங்க இன்னும் நாயப் புடிச்சுக் கொல்றாங்களா?”

2006 இல் அரசு அதனை நிறுத்திவிட்டது என்றேன். மணியைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. அவர் தந்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்பொழுது ஆண்டுதோறும் பசறைத் தோட்ட லயங்களுக்கு ஊசிப் பெட்டியுடன் செல்கின்றேன். சிறுவர்கள் தத்தம் நாய்களைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு பிள்ளைமடுவத்து வாசலில் வரிசையாக நிற்பார்கள். நாயைப் பிடிக்கவும் பெயர் எழுதவும் ஆள் போதாது. நம் கல்லூரியில் உயிரியல் பயிலும் மாணவர் எவரேனும் வர விரும்பின் அழைத்துச் செல்ல ஆயத்தமாயுள்ளேன். புறப்படுமுன் அவர்களும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.