எந்தையாரின் சைக்கிள்

சல்லியில் எம் வீட்டுப் பின்கோடியிற் கறள்கட்டிக் கிடந்தது எந்தையாரின் றலிச் சைக்கிள். அதன் முன்தண்டில் அமர்ந்தே நான் முதன்முதல் நம் கல்லூரிக்கு வந்தேன். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதனைப் புதுக்கத் துணிந்தேன். இலக்கணம் கற்பிப்போனுக்கு இயந்திர அறிவு ஏது? இடப்பக்க மிதியைக் கழற்ற வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகினேன். அது மேலும் இறுகியது. இரண்டு நாள் கழிந்த பின்னரே, மிதிக்குந்தோறும் கழன்றுவிடாதிருத்தற்பொருட்டு இடமிதிக்கு மட்டும் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதை அறிந்தேன். விதிவிலக்கைப் பற்றி மாணவர்க்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன்!

மிதியச்சைத் திறந்தபோது, எந்தையார் தம் கையாற் பூசிய கிறீஸ் கருமையாய் உறைந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியுடன் நெடுநேரம் வாளாவிருந்தேன். உள்ளே குண்டுகள் தேய்ந்திருந்தன; துடையாமல் வேறு வழியில்லை. வண்டி இப்பொழுது நன்றாக ஓடுகின்றது. கறுத்த அத்துணியை மட்டும் நான் இன்னும் எறிந்திலேன்.