தளவாய் சுண்ணாம்புக்கல்லுக்கு ரெண்டு விலை

அரியலூர்க்காரங்களுக்கு இணைப்பும் பிரிப்பும் புதுசா என்ன? 2001ல பெரம்பலூர்ல இருந்து பிரிச்சு தனி மாவட்டம் ஆக்கினாங்க. 2002லயே திரும்பச் சேர்த்தாங்க. 2007 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க. போர்டு எழுதுறவருக்குத்தான் நல்ல வேலை :)

அந்தச் சேர்ப்புல யாரும் யாருக்கும் விலை கொடுக்கல. ரெண்டு பக்கமும் முதலாளி ஒரே அரசாங்கம். பீரோ, ஜீப் எல்லாம் ஏட்டுல என்ன மதிப்போ அதே மதிப்புல இடம் மாறினாப் போதும். கம்பெனிக் கணக்குல இதுக்குப் பேரு பூலிங். முன்னாடி ஏ.எஸ். 14 விதி, சில நிபந்தனைகளோட, ரெண்டு வேற வேற கம்பெனிகள் இணைஞ்சாலும் இப்படி எழுத விட்டுச்சு. பெரிய கம்பெனிகளுக்கு 2016ல இந்த் ஏ.எஸ். 103 வந்த பிறகு, ஒரே முதலாளி கையில இருக்கிற கம்பெனிகளுக்குள்ள மட்டும்தான் பூலிங். ரெட்டிபாளையம் ஆலை 2010ல கிராசிம்ல இருந்து சம்ருத்தி வழியா அல்ட்ராடெக்குக்குப் போச்சே, அந்த மாதிரி. எல்லாம் பிர்லா வீட்டுக்குள்ளயே.

வெளியாள் வாங்கினா கதை வேற. தளவாய் ஆலை வெச்சிருக்கிற இந்தியா சிமெண்ட்ஸை எடுத்துக்கங்க. 2024 ஜூன்ல அல்ட்ராடெக் சுமார் 23 சதவீதம் வாங்குச்சு, பங்கு 267 ரூபாய் வாக்குல. அப்புறம் முதலாளி குடும்பத்தோட 32.72 சதவீதத்தை 390 ரூபாய்க்கு, மொத்தம் 3,954 கோடிக்குப் பேசி, டிசம்பர் 24ம் தேதி ஆலை கைக்கு வந்துச்சு.

இப்ப ஒரு வேடிக்கை. கணக்கு எழுதறப்ப, முதல்ல வாங்கின பங்கையும் 267ன்னு விடக்கூடாது. கட்டுப்பாடு கைக்கு வந்த நாள்ல அதோட நியாய மதிப்பு என்னவோ அதுக்கு ஏத்தணும். ஆலை, நிலம், சுரங்கக் குத்தகை எல்லாத்துக்கும் அன்னைய மதிப்பு போடணும். அதுக்கும் மேல கொடுத்தது குட்வில்.

எனக்கு இதுல உறுத்துற இடம் சுரங்கக் குத்தகைதான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்ததால வந்த கல்லு. வாங்கினவங்களோட ஒருங்கிணைந்த கணக்குல அதுக்குப் புது விலை. ஆனா இந்தியா சிமெண்ட்ஸோட சொந்த ஏட்டுல இந்த விற்பனையால ஒரு பைசா மாறாது, பழைய எண்ணே தொடரும். ஏன்னா கை மாறினது பங்குதான், குத்தகை இல்ல. அதே குழி, அதே கல்லு, ரெண்டு புத்தகத்துல ரெண்டு விலை! ரெண்டுமே சட்டப்படி சரி. அந்தக் குழிக்கு எப்பவோ காடு வித்த ஆளு எந்தப் புத்தகத்துலயும் வரமாட்டார். அவர் கணக்கு பத்திரப்பதிவு ஆபீஸோட முடிஞ்சுது.

இன்னொண்ணு, குட்வில். ஏ.எஸ். 14ல பொதுவா அஞ்சு வருஷத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு எழுதிடணும். இப்போ கழிக்க வேணாம், வருஷா வருஷம் ‘மதிப்பு குறைஞ்சுதா’ன்னு சோதிச்சாப் போதும். சோதிக்கிறது யாரு? வாங்கின கம்பெனியேதான், அவங்க போடுற எதிர்கால வருமான மதிப்பீட்டை வெச்சு. ஆடிட்டர் பார்ப்பார், சரி. ஆனாலும் பழைய அஞ்சு வருஷக் கழிப்புதான் எனக்கு நேர்மையாத் தெரியுது. கூடக் கொடுத்த காசு லாபத்தைத் தின்னே ஆகணும், மறைய முடியாது. சிமெண்ட் விலை இறங்குற வருஷம் வரட்டும், அந்தச் சோதனைல என்ன எழுதறாங்கன்னு ஆண்டறிக்கையோட குறிப்புப் பக்கத்துல தேடிப் பாருங்க.