மூன்று கண் மீன்

கார்ட்டூன் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று நம்மில் பலருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அமெரிக்காவில் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ அந்த அபிப்பிராயத்தை உடைத்துப் போட்டது. மாட் க்ரோனிங் என்ற சித்திரக்காரர் சிருஷ்டித்த மஞ்சள் நிற மனிதர்களின் கதை அது. 750 அத்தியாயங்களுக்கு மேல் வந்துவிட்டன. நான் எல்லாவற்றையும் பார்த்தவனல்ல. பார்த்திருந்தால் நாவல் எழுத நேரம் ஏது?

அதில் வருகிற ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர் காட்டுப்பள்ளிக்காரனுக்கு அந்நியமாகவே தோன்றாது. ஊருக்கு ஓர் அணுமின் நிலையம். அதற்கு முதலாளி பர்ன்ஸ் என்கிற கிழவர். அங்கே வேலை பார்க்கும் ஹோமர்தான் கதாநாயகன்: சோம்பேறி, தீனிப்பண்டாரம், நல்லவன். நம் பக்கம் ஓடுவது அணு அல்ல, நிலக்கரி. அது ஒன்றுதான் வித்தியாசம்.

1990 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில் ஹோமருக்கு வேலை போய்விடுகிறது. பிழைப்பில்லாதவன் ஊரின் பாதுகாப்புக்காகக் கிளர்ச்சியில் இறங்குகிறான். ஜனங்கள் பின்னால் திரளுகிறார்கள். கடைசியில் மின்நிலையத்தின் வாசலுக்கே கூட்டம் வந்து நிற்கிறது. பர்ன்ஸ் போலீசைக் கூப்பிடவில்லை. ஹோமரை உள்ளே கூப்பிட்டுச் சம்பளத்தை உயர்த்தி, பாதுகாப்பு மேற்பார்வையாளர் உத்தியோகத்தைக் கொடுத்துவிடுகிறார். கிளர்ச்சி முடிந்தது.

கைபேசியில் இதைப் போட்டுக் காட்டிய என் அக்காள் மகன், “சிரிப்பு வரலியா மாமா?” என்று கேட்டான். அவனுக்கு என்ன சொல்வது? குப்பம் இருந்த இடத்தில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்த ஊர் எங்களுடையது. கடலுக்குப் போனவன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, ஒப்பந்தக் கூலியாக வாசலில் நிற்பதைப் பார்த்தவன் நான். முப்பது பக்கம் எழுதி நான் சொல்ல வேண்டியதை அந்தச் சித்திரக்காரர்கள் அரை மணியில் சொல்லிவிட்டார்கள் என்ற பொறாமைதான் எனக்கு வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் மீன் கதை வந்தது. மின்நிலையத்தின் கழிவு கலக்கும் தண்ணீரில் ஹோமரின் பையன் பார்ட் தூண்டில் போட, மூன்று கண்ணுள்ள மீன் ஒன்று அகப்படுகிறது. விசாரணை வருகிறது. தப்பிக்க ஒரே வழி கவர்னராவதுதான் என்று பர்ன்ஸ் தேர்தலில் நிற்கிறார். அந்த மீனுக்கு என்ன குறை, இயற்கையின் அடுத்த படி அது என்று பிரசாரம் வேறு! ஹோமரின் வீட்டில், காமிராக்களுக்கு முன்னால், அவருக்கு விருந்து. ஹோமரின் மனைவி மார்ஜ் அந்த மீனையே சமைத்து வைக்கிறாள். பர்ன்ஸால் விழுங்க முடியவில்லை, துப்பிவிடுகிறார். தேர்தலும் போயிற்று. ஒரு குடும்பப் பெண் வாய் பேசாமல் செய்த அந்தக் காரியத்துக்கு எத்தனை பிரசங்கம் ஈடாகும்?

ஆனால் என் மனத்தாங்கலும் அங்கேதான். அடுத்த வாரம் பர்ன்ஸ் பழைய நாற்காலியில் இருக்கிறார், ஹோமர் பழைய இடத்தில் தூங்குகிறான். பார்ட்டுக்கு அன்று வயது பத்து, இன்றும் பத்து. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல் ஓடத் தொடங்கியபோது பத்து வயதாயிருந்த எங்களுக்கெல்லாம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்தவர்களின் காலுக்கடியில் இப்போது சாம்பல் சேறு. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. மீனுக்கு மூன்றாவது கண் முளைக்க வேண்டியதில்லை. எண்ணெய் வாடை போதும், கூறு கட்டி வைத்த மீன் அப்படியே வெயிலில் கிடக்கும்.

நாவல் எழுதி நீ எந்த ஆலையை மூடினாய் என்று கேட்பீர்கள். ஒன்றையும் மூடவில்லை. ஆனால் என் கதையில் ஒருவனுக்குக் கை போனால், அடுத்த அத்தியாயத்திலும் கை இராது. வாரந்தோறும் எல்லாவற்றையும் துடைத்துப் பழையபடி வைத்தாக வேண்டிய கதையில் பரிகாசம் கூர்மையாக இருக்கலாம். பட்ட காயத்துக்குத் தழும்பு கிடையாது.

மளிகைக் கடை அப்பு என்று நம்மவன் ஒருவனும் அதில் உண்டு. முனைவர் பட்டம் பெற்றவன்தான். ஆனாலும் பல வருஷம் அவன் பேச்சு வழக்கே சிரிப்புக்கு முதலாயிற்று. குரல் கொடுத்தவர் இந்தியர் அல்லாத ஹாங்க் அசாரியா. ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் இதைக் கண்டித்து ஓர் ஆவணப்படமே எடுத்தார். மறு வருஷம் தொடர் அதற்குச் சொன்ன பதில், தோளைக் குலுக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. 2020இல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். பர்ன்ஸைக் குத்தத் தெரிந்த பேனா, கடைக்காரனிடம் வந்ததும் எப்படி இவ்வளவு சோம்பலாகிவிட்டது?

முதல் பத்து வருஷத்து அத்தியாயங்களைத்தான் நான் தேடிப் பார்க்கிறேன். பின்னால் வந்தவற்றில் பிரபலங்கள் வந்து தங்கள் குரலிலேயே தங்களைக் கிண்டல் செய்துகொண்டு போவது சலிப்பாகிவிட்டது. 1999 ஜனவரியில், இந்தத் தொடரை ஒளிபரப்பிய ஃபாக்ஸின் முதலாளி ரூபர்ட் மர்டாக்கே அதில் வந்தார். தம்மைக் கொடுங்கோலன் என்று தம் வாயாலேயே சொல்லிக்கொண்டார். ஹோமரை உள்ளே அழைத்து உத்தியோகம் கொடுத்த பர்ன்ஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.