கையில் உள்ள இடம்

பல்கலைக்கழக இடம் ஒன்று கிடைத்த வீட்டில் மகிழ்ச்சிக்கு முன்பே கணக்கு வந்து அமர்ந்துவிடுகிறது. இவ்வாண்டு எங்கள் வீட்டிலும் அப்படியே. மகளுக்குத் தனியார் பல்கலைக்கழகமொன்று இயற்பியலில் இடம் தந்தது. ஏழு நாளில் பணம் கட்டியாக வேண்டும். அவள் மனமோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தது.

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை ‘கியூட்’ பொது நுழைவுத்தேர்வின் வழி நடைபெறுகிறது. மதிப்பெண் வெளிவந்த பிறகும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தரவரிசையைத் தனியே வெளியிட வேண்டும். எங்களுக்கு விதிக்கப்பட்ட ஏழு நாள் அதுவரை நீளாது.

ஏற்பதா, காத்திருப்பதா என்னும் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எவ்வளவு இழக்க நம்மால் முடியும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை இதற்கோர் அளவு வகுத்தது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள் முன்னதாக விலகினால், சிறு கழிவு போகக் கட்டணம் முழுவதும் திரும்பும். இறுதி நாள் கடந்து 30 நாளுக்கு மேலானால் ஒன்றும் திரும்பாது. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கவும் கூடாது.

இரண்டு சம்பளம் வரும் வீடு என்பதால், பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க நாங்கள் துணிந்தோம். முதுகலைச் சேர்க்கையில் இதே நிலையில் நின்ற எங்கள் மாணவியொருத்தியின் தந்தை, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டவிருந்தார். அவளிடம் அத்துணிவைச் சொல்ல நா எழவில்லை. சொன்னது இவ்வளவே: இறுதி நாளை எழுத்தில் கேட்டு வாங்கு, மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதே, பிறகு அப்பாவோடு அமர்ந்து முடிவெடு.

காத்திருப்பதும் ஒரு வசதிதான். அது எல்லா வீட்டுக்கும் வாய்ப்பதில்லை.